சுரங்கப்பாதையில் வெட்டியெடுக்கும் கல்லையும் மண்ணையும் எங்கே வைப்பது? நெல்லைச் சீமையை முன்வைத்து ஒரு விவாதம்

பொருநைக்கரையான், அம்பாசமுத்திரம்

அனைவருக்கும் வணக்கம். மலையைக் குடைந்து ரயில் பாதையோ, நெடுஞ்சாலையோ, நீரேற்று மின்திட்டமோ வரப்போகிறது என்ற செய்தி எங்கே வந்தாலும், பேச்சு முழுவதும் சுரங்கத்தின் நீளம், செலவு, பயண நேரம் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. உள்ளேயிருந்து வெளியே வரும் கல்லும் மண்ணும் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு பத்திகள்தான். அந்தப் பத்திகளைப் பற்றி மட்டும் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். எந்தச் சுரங்கத்தையும் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இங்கே நோக்கமல்ல.

சுரங்கம் நமக்குப் புதிதும் அல்ல. செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் ரயில் பாதை 1904-லேயே மலையைக் குடைந்து போய்விட்டது. சேர்வலாறு அணையையும் பாபநாசம் அணையையும் இணைப்பதும் ஒரு சுரங்கம்தான். ஆனால் இன்று உலகில் குடையப்படும் சுரங்கங்களின் அளவு வேறு. சுவிட்சர்லாந்தில் 2016-இல் திறக்கப்பட்ட கோத்தார்ட் அடித்தளச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளம். இரட்டைக் குழாய்கள், இணைப்பு வழிகள் எல்லாம் சேர்த்து 152 கிலோமீட்டர் குடைந்தார்கள். வெளியே வந்தது 2 கோடியே 82 லட்சம் டன். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அந்தச் சுரங்கத்துக்கே தேவையான கான்கிரீட் ஜல்லியாக மாற்றிக்கொண்டார்கள். ஒரு பகுதி ஊரி ஏரியில் ஆறு கலக்கும் இடத்தைச் சீரமைக்கவும் குளிப்பதற்கும் பறவைகளுக்குமான சிறு தீவுகளை அமைக்கவும் பயன்பட்டது. இத்தனைக்கும் அங்கே மண்ணுக்கான இடமும் கடத்தும் வழியும் சுரங்கத் திட்டத்தின் ஒரு பாகமாகவே வரையப்பட்டன.

என் கருத்து இதுதான். சுரங்கத்தின் தடத்தை முடிவு செய்த பிறகு மண்ணுக்கு இடம் தேடினால், கிடைக்கும் இடம் எப்போதும் தவறான இடமாகவே இருக்கும். இடத்தை முதலில் தேட வேண்டும். அப்படித் தேடும்போது, நம் சீமையில் முதலில் பார்க்க வேண்டியது எந்த நிலம் காலியாகக் கிடக்கிறது என்பதையல்ல, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை. சீமையின் மேற்கே மலைப் பக்கம் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது. ஆகவே எந்த மண்ணும் மலையடிவாரத்துக்கும் முதல் குளத்துக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய பட்டையில்தான் வந்து இறங்கும். ஓடைகள் கால்களாக (வாய்க்கால்களாக) மாறிக் குளங்களுக்குள் நுழையும் பட்டையும் அதுவே. விவரம் தெரிந்தவர்கள் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குறுக்குத்துறைப் பொறியாளர் (பணி ஓய்வு)

அண்ணாச்சி எழுதியது சரியான தொடக்கம். அளவு புரியாமல் இடம் பேச முடியாது என்பதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

வெட்டு விட்டம் 10 மீட்டர் கொண்ட ஒற்றைச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குப் பாறையாக இருக்கும்போது 78,500 கன மீட்டர். நம் பொதுப்பணித் துறைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2.8 மில்லியன் கன அடி. வெடி வைத்துப் பெயர்த்ததும் பாறை உப்பிவிடும். டிப்பரில் ஏறும்போது அது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போயிருக்கும். இடத்தில் பரப்பி ரோலர் ஓட்டி இறுக்கிய பிறகும் பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது, 1.3, 1.4 மடங்கில் நின்றுவிடும். பாறையின் கொள்ளளவையே குவியலின் கொள்ளளவாக எழுதிவிடும் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயே நிலத் தேவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. பிறகு பணி நடக்கும்போது இடம் போதாமல் ஓடைக்குள் சரிப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

ஐந்து கிலோமீட்டர் சுரங்கம் என்றால் இறுக்கிய குவியல் சுமார் 5.3 லட்சம் கன மீட்டர். சராசரி 10 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால், சரிவு, படிகள், வடிகால், வண்டல் குட்டை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 ஏக்கர் வேண்டும். உயரத்தைக் கூட்டி ஏக்கரைக் குறைக்கலாம் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

அடுத்தது வண்டி. அதே ஐந்து கிலோமீட்டருக்குச் சுமார் 2.2 லட்சம் யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) வரும். சட்டப்படியான எடையில் பத்துச் சக்கர டிப்பர் நான்கு யூனிட் ஏற்றினால் 55,000 நடைக்கு மேல். திரும்பும் வண்டியையும் சேர்த்தால் 1,10,000 முறை அந்தச் சாலையில் டிப்பர் ஓடும். அம்பை, கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துச் சாலைகளின் அகலம் நம் எல்லோருக்கும் தெரியும். சுரங்க வாயிலிலிருந்து இடம் வரை கன்வேயர் பெல்ட் வைத்துக் கடத்த முடியுமா என்பதை இடத் தேர்வின்போதே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு கிலோமீட்டருக்குள் நல்ல இடம் இருந்தால் பெல்ட் கட்டுப்படியாகும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் டிப்பரைத் தவிர வழியில்லை.

இன்னொன்று. வெடி வைத்து எடுத்த கல்லும், குடையும் எந்திரம் செதுக்கித் தள்ளும் கல்லும் ஒன்றல்ல. எந்திரத்திலிருந்து வருவது உள்ளங்கை அகலத்தில் தட்டையான சில்லுகளும், அவற்றோடு ஏராளமான கல்மாவும். கையில் எடுத்துப் பிசைந்தால் விரல் இடுக்கில் அது மாவாகவே வழியும். வெடிக்கல் தானாக நீரை வடித்துவிடும். எந்திரக்கல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குவியலின் சரிவை முடிவு செய்வதற்கு முன் எந்த முறையில் குடையப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மானூர் விவசாயி

பொறியாளர் ஐயா குறிப்பிட்ட அந்தக் கல்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் சுரங்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு சாலைப் பணிக்காக உடைத்த கல்லின் தூளை எங்கள் குளத்துக்கு வரும் ஓடையின் கரையில் குவித்து வைத்திருந்தார்கள். யார் வைத்தார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. ஐப்பசி மழையில் அந்தக் குவியலின் அடி கரைந்து ஓடைக்குள் இறங்கியது. குளத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் நின்றது. மடையைத் திறந்தபோது அதே நிறம் பிசானப் பருவ நெல் நடவு வயலுக்குள் பரவியது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான சேதம் தெரிந்தது. நாற்றின் தூரைச் சுற்றி அந்தப் பொடி படிந்து, வெயில் பட்டதும் பூச்சுக்குக் குழைத்த சிமெண்டைப் போல இறுகிவிட்டது. மண்வெட்டியின் முனையால் தட்டினால் விரல் கனத்துக்கு ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே மண் ஈரமாகவே இருந்தது, ஆனால் பயிரின் தூர் வெளுத்துப்போயிருந்தது. தூர் வெடிக்க வேண்டிய நேரத்தில் மூச்சு முட்டி நின்ற பயிர், பின்னால் எவ்வளவு உரம் போட்டும் தேறவில்லை.

குளத்து வண்டல் என்றால் கோடையில் வண்டி வைத்து அள்ளி வயலுக்குக் கொண்டுபோவோம். இந்தப் பொடியை யாரும் தொடவில்லை. அது குளத்திலேயே தங்கி, மடைத் தூம்பின் வாயை அடைத்தது. குளத்தின் கொள்ளளவு குறைந்தால் அந்தக் குளம் மட்டும் பாதிக்கப்படும் என்று வெளியூர் அதிகாரிகள் நினைக்கிறார்கள். மேல் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் குளத்துக்குத் தண்ணீர். மேல் குளம் தூர்ந்து விரைவாக மறுகால் பாய ஆரம்பித்தால், பெருமழையில் கீழ்க் குளத்தின் கரை தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எத்தனை குளங்கள் உடைந்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஆகவே மண் கொட்டும் இடத்தை வரைபடத்தில் ஒரு கட்டமாகக் காட்டினால் போதாது. அந்த இடத்தில் விழும் மழை எந்த ஓடையில் இறங்கி, எந்தக் குளத்தைச் சேர்ந்து, அங்கிருந்து எந்த மறுகால் வழியாக எங்கே போகிறது என்று தாமிரபரணியோ கடலோ வரும்வரை கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

பாளைங்கோட்டை நிலவியல் ஆசிரியை

மானூர் அண்ணாச்சி எழுதியதைப் படித்தபோது, நான் சொல்ல நினைத்ததில் பாதியை அவரே சொல்லிவிட்டதாக உணர்ந்தேன். மீதியைச் சொல்கிறேன்.

நம் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட். கருநீலச் சாயல் கொண்ட, கடினமான கருங்கல். இடையிடையே கோண்டலைட் பட்டைகள் வரும். அவற்றில் கார்னெட், கிராஃபைட், சில இடங்களில் கந்தகம் சேர்ந்த தாதுக்களும் இருக்கும். பூமிக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை இவற்றால் ஒரு தீங்கும் இல்லை. உடைத்து வெளியே குவித்து மழையில் நனையவிட்டால், கந்தகத் தாதுக்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் கல்லிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வரும். எல்லாப் பாறையிலும் இது நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. எந்தப் பட்டையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆழ்துளை மாதிரிகளிலேயே சோதித்துவிடலாம், அதைச் செய்யாமல் இடத்தை முடிவு செய்யக் கூடாது என்கிறேன். ஜப்பானில் ஹொக்கைடோ அதிவேக ரயில் பாதைக்கான சுரங்கங்களில் இயற்கையாகவே ஆர்செனிக் கலந்த பாறை வந்து, அதை எங்கே வைப்பது என்பதே பெரிய சிக்கலானது. அத்தகைய கல்லுக்குத் தனியிடம், அடியில் நீர்புகாத விரிப்பு, வடியும் நீருக்குத் தனிச் சோதனை என்று எல்லாம் வேண்டியிருக்கிறது. ஆகவே சுரங்க வாயிலிலேயே கல்லைப் பிரித்துவிட வேண்டும். நல்ல கல், கல்மா, சந்தேகக் கல் மூன்றும் ஒரே குவியலில் கலந்துவிட்டால் பிறகு முழுக் குவியலையும் சந்தேகக் கல்லாகத்தான் நடத்த முடியும்.

பாறையில் இல்லாமல் பணியின்போது வந்து சேரும் நச்சுகளும் உண்டு. வெடிமருந்தில் எரியாமல் தங்கிய அம்மோனியம் நைட்ரேட் மழையில் கரைந்து வரும். அது குளத்துக்குள் போனால் பாசி மண்டும். சுரங்கச் சுவரில் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டில் ஒரு பங்கு தெறித்துக் கீழே விழுந்து கல்லோடு சேர்ந்தே வெளியே வரும். அதில் ஊறிய நீரின் காரத்தன்மை மீன்களுக்கு ஆகாது. முதல் ஓரிரு மழைக்காலங்களில்தான் இவை அதிகமாக இருக்கும் என்பதால், அந்தக் காலத்து வடிநீரை நேராக ஓடையில் விடக் கூடாது.

கடைசியாக ஊற்றுகள். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் என்ற ஊரில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியலை ஊற்றுகளின் மேலேயே கொட்டியிருந்தார்கள். நம் மலையடிவாரத்தில் சித்திரையில் வறண்டு கிடக்கும் எத்தனையோ இடங்களில் கார்த்திகையில் ஊற்றுக் கசியும். கோடையில் அளந்துவிட்டு இங்கே ஊற்றில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதை எந்த நிலவியலாளரும் ஏற்கக் கூடாது.

கல்லுவேலை, ராதாபுரம்

நான் கிரஷர் ஒன்றில் கணக்கு பார்ப்பவன். என் யோசனையைச் சுருக்கமாக வைக்கிறேன். நம் மாவட்டத்தில் கல் எடுத்து முடித்த குவாரிப் பள்ளங்கள் எத்தனையோ திறந்தபடி கிடக்கின்றன. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆடும் மாடும் மனிதரும் விழுந்து சாகும் அந்தப் பள்ளங்களை இந்தக் கல்லைக் கொண்டு நிரப்பினால் இரண்டு தொல்லைகள் ஒன்றாகத் தீரும்.

அதைவிட முக்கியமானது, சார்னோக்கைட் என்றால் முதல் தரமான ஜல்லி. புளியரை வழியாக நாள்தோறும் கேரளத்துக்குப் போகும் கல் எல்லாம் நம் பொத்தைகளை (சிறு பாறைக் குன்றுகளை) உடைத்து எடுத்ததுதான். சுரங்கத்திலிருந்து வரும் கல்லை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாற்றிவிட்டால், அந்த அளவுக்கு ஒரு பொத்தையாவது தப்பும். கனிமவளத் துறையின் நடைச்சீட்டு, உரிமத்தொகை ஆகியவற்றை அரசு முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் வாங்குவதற்கு ஆள் உண்டு.

பாளைங்கோட்டை நிலவியல் ஆசிரியை

மறுபயன்பாட்டை முழுமையாக வரவேற்கிறேன். தேய்மானச் சோதனையும் சிமெண்டின் காரத்தோடு வினைபுரியுமா என்ற சோதனையும் தேறினால், அந்தக் கல் குவியலுக்கே போகத் தேவையில்லை. குவாரிப் பள்ளத்தைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு. பெரும்பாலான பள்ளங்கள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனவை. கோடையில் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீரே ஆதாரம். அங்கே கல்மாவைக் கொட்டினால் பாறை வெடிப்புகள் அடைபட்டு ஊற்று நின்றுபோகும். நைட்ரேட் கலந்த கல்லைக் கொட்டினால் அது நேராகக் கிணற்றுக்குள் கொட்டியதற்குச் சமம். கழுவிய, சோதித்த, பெரிய வெடிக்கல்லை மட்டும், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பள்ளத்தில், அந்தப் பள்ளத்தின் தண்ணீரை நம்பியிருப்பவர்களின் சம்மதத்தோடு இடலாம்.

கல்லுவேலை, ராதாபுரம்

அந்த நிபந்தனைகளைப் போட்டால் பத்துப் பள்ளத்தில் ஒன்றுகூடத் தேறாது, அம்மா. தண்ணீர் இல்லாத பள்ளங்களும் உண்டு. நேரில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். திறந்த பள்ளத்தின் ஆபத்தையும் தராசின் ஒரு தட்டில் வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நாங்குநேரித் தங்கச்சி

இந்த இழையில் யாரும் இதுவரை எழுதாத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். இருபது ஏக்கர் என்றவுடன் அதிகாரிகளின் கண் பொட்டல் காட்டுக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும்தான் போகும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது தரிசு. ஆனால் எங்கள் பக்கத்தில் மழை முடிந்த மாதங்களில் செம்மறி ஆட்டுக் கிடைகள் நகர்வது அந்தத் தரிசுகளின் வழியாகத்தான். எந்தப் பொட்டலில் எந்த மாதம் புல் இருக்கும், எந்தப் பள்ளத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். எந்த ஆய்வுக் குழுவும் அவர்களிடம் கேட்பதில்லை. இடத் தேர்வுக் கூட்டத்துக்கு நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர்களை மட்டும் அழைத்தால், அந்த நிலத்தை உண்மையில் பயன்படுத்துபவர்களில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள்.

பொருநைக்கரையான், அம்பாசமுத்திரம்

தங்கச்சி எழுதியதை நான் தயாரிக்கும் குறிப்பில் முதலிலேயே சேர்த்துக்கொள்கிறேன். வெளியில் நடந்தவற்றிலிருந்து மூன்றைப் பார்க்கலாம்.

உத்தரகண்டில் 2013 ஜூன் வெள்ளத்தின்போது, ஸ்ரீநகர் என்ற ஊருக்கு அருகில் ஒரு நீர்மின் திட்டத்துக்காக வெட்டி அலக்நந்தாவின் கரையில் வைத்திருந்த மண்ணை ஆறு அள்ளிக்கொண்டு போய் வீடுகளுக்குள் நிரப்பியது. மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2016-இல் 9 கோடியே 26 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பு வந்தது. வெள்ளம் கடவுளின் செயல் என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. ஆற்றங்கரையில் மண்ணை வைத்தவர்களே அதற்குப் பொறுப்பு.

ஜப்பானில் ஷிசுஓகா மாகாணத்தின் அத்தாமி நகரத்தின் மேலே ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பில் கொட்டிய மண், 2021 ஜூலை 3 அன்று மழையில் இளகிச் சேறாகப் பாய்ந்ததில் 28 பேர் இறந்தார்கள். அது சுரங்க மண்ணல்ல. ஆனால் பாடம் ஒன்றே. அனுமதிக்காகக் காட்டிய உயரம் 15 மீட்டர், உண்மையில் நிரப்பியது ஏறத்தாழ 50 மீட்டர். இடையில் யாரும் போய் அளந்து நிறுத்தவில்லை. அதன் பிறகு நாடு முழுவதற்கும் மண்நிரப்பலைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்து, 2023 மே மாதம் முதல் நடைமுறைப்படுத்தினார்கள்.

அதே ஷிசுஓகா மாகாணத்தில், காந்த விசையில் ஓடும் ரயிலுக்கான தெற்கு ஆல்ப்ஸ் சுரங்கத்திலிருந்து வரவிருக்கும் சுமார் 37 லட்சம் கன மீட்டர் மண்ணின் பெரும்பகுதியை ஓஇ ஆற்றின் தலைப்பில் சுபகுரோ என்ற இடத்தில் வைக்கத் திட்டமிட்டார்கள். மாகாண நிர்வாகத்தின் நிபுணர் குழு எழுப்பிய கேள்வி என்னை யோசிக்க வைத்தது. குவியல் சரியுமா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எதிர்க்கரையிலோ மேலேயோ உள்ள மலைச்சரிவு பெருமழையில் இடிந்து விழுந்தால், ஏற்கெனவே குவியலால் குறுகிய ஆற்றுப் பாதை அடைபட்டு அணைபோல நீர் தேங்கி, பிறகு ஒரேயடியாக உடைந்து கீழே பாயாதா என்று கேட்டார்கள். கடனா நதி, ராமநதி, பச்சையாறு, நம்பியாறு ஆகியவற்றின் தலைப்புகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சட்டத்தில் ஓர் இடைவெளியையும் குறிப்பிட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் நீர்மின் திட்டங்கள் இருக்கின்றன, ரயில் திட்டங்கள் இல்லை. காட்டு நிலத்தைத் தொட்டால் வனச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதற்கு வெளியே, ரயில் சுரங்கத்தின் மண்ணைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டிய கட்டாயம் அந்த அறிவிக்கையில் கிடையாது. ஆகவே கிராமசபைதான் நமக்குள்ள முதல் மேடை.

குறுக்குத்துறைப் பொறியாளர் (பணி ஓய்வு)

இடம் கிடைத்த பிறகு குவியலை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை எழுதுகிறேன். கட்ட வேண்டும் என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். இது அணைக்கு இணையான கட்டுமானம். மண்ணைக் கொட்டிவிட்டுப் பிறகு சுவர் எழுப்புவதைத்தான் நம் நாட்டில் அதிகம் பார்க்கிறோம். இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்தின் 49 லட்சம் கன மீட்டர் சுண்ணக்களியை டோவர் அருகே கடலோரத்தில் வைத்தபோது, முதலில் கடற்சுவரைக் கட்டி, அதற்குள்தான் நிரப்பினார்கள். இன்று அது சாம்ஃபயர் ஹோ என்ற பெயரில், 1997 முதல் மக்கள் உலாவும் 30 ஹெக்டேர் புல்வெளி. ஆஸ்திரியாவில் பிரென்னர் சுரங்கத்துக்காகப் பதாஸ்டர் பள்ளத்தாக்கை நிரப்புவதற்கு முன், அந்தப் பள்ளத்தாக்கின் ஓடையைத் தனிச் சுரங்கம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். இரண்டிலும் வரிசை ஒன்றே. தண்ணீருக்கு வழி, தாங்கும் சுவர், பிறகு மண்.

நம் இடத்தில் முதல் வேலை மேல்மண்ணை வழித்தெடுத்துத் தனியே, ஆள் உயரத்துக்கு மேற்படாமல் அடுக்கி வைப்பது. அதிக உயரம் வைத்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விடும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் அடையாளம் கண்ட ஒவ்வொரு கசிவுக்கும் பெருங்கல் நிரப்பிய அடிவடிகால் அமைத்து, குவியலின் பாதத்துக்கு வெளியே கொண்டுவர வேண்டும். பாதத்தில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர். அதற்குள்ளே இரண்டடி கனத்துக்குப் பரப்பி, ரோலர் ஓட்டி, அடுத்த அடுக்கு. ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு படி. சரிவு, ஓரடி உயரத்துக்கு இரண்டடி கிடைநீளம் என்ற அளவுக்கு மேல் நிமிரக் கூடாது. கல்மா அதிகமென்றால் அதையும் தளர்த்த வேண்டும்.

வடிகாலை எந்த மழைக்கு அமைப்பது என்பதில்தான் நான் ஒப்பந்தக்காரர்களோடு வாழ்நாள் முழுவதும் வாதாடியிருக்கிறேன். சராசரி மழையை எடுத்துக்கொண்டு நெல்லை வறட்சியான மாவட்டம் என்று எழுதுவார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நாம் பேசிய 20 ஏக்கர் இடத்தின்மேல் அந்த மழை பெய்தால், அங்கே மட்டும் ஒரு நாளில் சுமார் 2.7 மில்லியன் கன அடி தண்ணீர். நாள் முழுவதும் சமமாக ஓடினாலும் நொடிக்கு 30 கன அடிக்கு மேல், உச்ச நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு. மேலேயுள்ள பொத்தையிலிருந்து இறங்கும் வெள்ளம் இதில் சேரவில்லை. அதைக் குவியலுக்குள் வரவிடாமல் சுற்றுக்கால் வெட்டித் திருப்ப வேண்டும். வண்டல் குட்டை ஒன்று போதாது. ஒன்றைத் தூர்வாரும்போது மற்றொன்று வேலை செய்யும்படி இரண்டு வேண்டும். குட்டையின் மறுகால் நேராகக் குளத்துக் காலில் விழக் கூடாது. இடையில் புல் வளர்ந்த தரையில் பரவி ஓட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அந்த ஆண்டின் சரிவுகளை மேல்மண் போட்டு மூடி, வெட்டிவேரும் ஆவாரையும் நட்டு முடிக்க வேண்டும். ஆண்டுதோறும் இந்தத் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மானூர் விவசாயி

ஐயா எழுதியபடி கட்டினால் எனக்கு மறுப்பில்லை. ஒப்பந்தக்காரர் பணியை முடித்துவிட்டுப் போன பிறகு அந்த இரண்டு குட்டைகளையும் யார் தூர்வாருவது? எங்கள் குளத்து மடைக்கே ஆளில்லை.

குறுக்குத்துறைப் பொறியாளர் (பணி ஓய்வு)

அது நியாயமான கேள்வி. குவியலுக்கு ஓர் உரிமையாளர் நிரந்தரமாக இருக்க வேண்டும். சுரங்கம் யாருக்குச் சொந்தமோ அவர்களுக்கே குவியலும் சொந்தம் என்று அரசாணையில் எழுத வேண்டும். சுரங்கத்தைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்திலேயே இதற்கும் ஒதுக்க வேண்டும். குவியலுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் குழாய்களைப் பதித்து, அந்த அளவுகளையும் குவியலின் உயரத்தையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அனுமதித்த உயரத்தைக் காட்டும் கல்தூண் ஒன்றை முதல் நாளிலேயே நட்டுவிட்டால், மண் அதைத் தாண்டுகிறதா என்பதை ஆடு மேய்ப்பவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பொருநைக்கரையான், அம்பாசமுத்திரம்

இதுவரை வந்தவற்றைத் தொகுத்து, அக்டோபர் 2 கிராமசபைக்கு வைக்கத்தக்க ஒரு மாதிரித் தீர்மானம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். திட்டம் எதுவும் வருவதற்கு முன்பே, எந்தெந்த இடங்களில் மண் கொட்டக் கூடாது என்று ஒவ்வொரு ஊராட்சியும் அடையாளம் காட்டிவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்கு மலையடிவாரத்திலிருந்து முதல் குளம் வரையுள்ள ஓடைகளின் வரைபடம் வேண்டும். களக்காடு, கடையம், ஆழ்வார்குறிச்சி, வள்ளியூர்ப் பக்கத்து நண்பர்கள் தத்தம் ஊருக்கு வரைந்து தர முடியுமா?

கடையம் வாசகர்

ராமநதிப் பக்கத்து ஓடைகளை நான் வரைந்து தருகிறேன், அண்ணாச்சி. ஒரு சந்தேகம். கிராம வரைபடத்தில் ஓடை என்று போட்டிருக்கும் சில இடங்களில் இன்று தென்னந்தோப்பு நிற்கிறது. தண்ணீர் வேறு வழியாகப் போகிறது. எதை வரைவது?

பொருநைக்கரையான், அம்பாசமுத்திரம்

இரண்டையும் வரையுங்கள். பதிவேட்டில் உள்ளதை நீலத்திலும், தண்ணீர் இன்று ஓடும் வழியைச் சிவப்பிலும் போடுங்கள். பெருமழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்ததை 2023-இல் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள்; அப்போது அது எந்தத் தோப்புக்குள் புகுந்தது என்று கேட்டு, அந்த இடங்களில் ஒரு குறியும் இட்டு அனுப்புங்கள்.